றாலி பிறந்த வீடும் ‘அரை நிரந்தரம்’தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் வடக்கில் இன்னும் மண் சுவர் வீடுகள் மிச்சமிருப்பது வெட்கக்கேடு, எல்லாவற்றையும் இடித்துக் கல்வீடாக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவருடைய மனதில் எனக்குக் குறையில்லை. மாரியில் ஒழுகும் கொட்டிலுக்குள் பிள்ளைகளோடு யாரும் கிடக்கக்கூடாது. ஆனால் ஒழுகுவது கூரை. இடிக்கச் சொல்வது சுவரை. கட்டட ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்காலம் முழுவதும் சீமெந்துக் கணக்கு எழுதியே போயிற்று. அப்படியிருந்தும் மண் சுவருக்காக இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்றொரு மாகாணம். அங்கே ஈஸ்ட் பட்லி என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஹேய்ஸ் பார்ட்டன் என்று ஒரு வீடு இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு வீடு; பிற்காலத்தில் திருத்தங்களும் நடந்திருக்கின்றன. சேர் வோல்டர் றாலி பிறந்தது அங்கேதான். முதலாம் எலிசபெத் மகாராணியின் அரசவையில் செல்வாக்காக இருந்தவர், அமெரிக்காவில் குடியேற்றம் அமைக்க ஆட்களை அனுப்பியவர், கடைசியில் 1618இல் தலை வெட்டப்பட்டவர். அரசவைக்காரரிடையே புகைபிடிப்பதை நாகரிகமாக்கியவர் என்றும் சொல்வார்கள். அந்த வகையில் எங்கள் புகையிலைத் தோட்டக்காரருக்கும் சுருட்டுக் கொட்டில்காரருக்கும் அவர் தூரத்துச் சொந்தம்.

அந்த வீட்டின் சுவர் மண். கூரை வைக்கோல் வேய்ந்தது.

எங்கள் நாட்டுக் கணக்கெடுப்பில் வீடுகளை நிரந்தரம், அரை நிரந்தரம் என்று பிரிப்பது சுவரும் கூரையும் நிலமும் எதனால் ஆனவை என்பதைப் பார்த்துத்தான். எங்கள் விதானையார் (கிராம அலுவலர்) அந்தப் படிவத்தோடு ஹேய்ஸ் பார்ட்டன் படலையில் போய் நின்றால் என்ன எழுதுவார்? சுவர்: மண். கூரை: வைக்கோல். சரி, அரை நிரந்தரம். நானூறு வருடத்துக்கு மேல் நிற்கிற அரை நிரந்தரம்! பிரித்தானிய அரசாங்கமோ அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் முதலாம் தரத்தில் வைத்திருக்கிறது. அதற்கு மேலே தரம் இல்லை. ஒரு யன்னலை மாற்றுவதென்றாலும் உரிமையாளர் அனுமதி கேட்க வேண்டும்.

மகள் டெவனிலேயே எக்ஸிற்றர் நகரத்தில் குடும்பமாக இருக்கிறாள். அவளிடம் போயிருந்த நேரம் மருமகன் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். தனியார் வீடு என்றபடியால் ஒழுங்கையில் நின்றுதான் பார்த்தேன். நீளமான நடுக்கட்டு, இரண்டு அந்தத்திலும் முன்னுக்கு நீட்டிய இரண்டு சிறகு, நடுவில் மாடி வைத்த முகப்பு வாசல். மேலேயிருந்து பார்த்தால் ஆங்கில ‘ஈ’ எழுத்துப் போல இருக்கும். அந்தக் காலத்து வசதியான நிலக்காரர்கள் விரும்பிய அமைப்பு அது. ஏழைக் குடியானவன் தன் கையால் அப்பிய குடிசை அல்ல என்று அந்த முகப்பைப் பார்த்தாலே விளங்கும். சுவர் கண்ணுக்கு நேராக இல்லை. கொஞ்சம் உப்பி, கொஞ்சம் உள்வாங்கி, மூலைகள் மழுங்கித்தான் இருக்கிறது. தூக்குக்குண்டு பிடித்துப் பழகிய எனக்கு முதலில் கை அரித்தது. மூலையை மழுக்குவதிலும் காரணம் உண்டு. கூரான மூலைதான் மண் சுவரில் முதலில் வெடிக்கும்.

இன்னொரு விஷயம். றாலியின் தகப்பனார் அந்த வீட்டைக் குத்தகைக்குத்தான் வைத்திருந்தார். 1584இல், பேரும் பணமுமாக வந்தபிறகு, மகன் றாலி அதை விலைக்குத் தரும்படி உரிமையாளருக்குக் கடிதம் எழுதினார். நான் பிறந்த வீடு அது, வேறெங்கும் இருப்பதைவிட அங்கே இருக்கவே விருப்பம் என்பது கடிதத்தின் சாரம். அப்போது லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் டர்ஹம் ஹவுஸ் என்ற பெரிய மாளிகை அவருடைய கையில் இருந்தது. மாளிகையில் இருந்துகொண்டு மண் வீட்டைக் கேட்டிருக்கிறார். உரிமையாளர் விற்கவில்லை. எங்களிடம் இதைத் தலைகீழாகத்தான் கேட்டிருக்கிறேன்: வெளிநாட்டுக்குப் போன பிள்ளை முதல் காசு அனுப்பும்போதே ‘அந்த மண் சுவரை இடியுங்கோ’ என்றுதான் சொல்லி அனுப்பும்.

இனி வேலைக்கு வருகிறேன். டெவனில் இந்தச் சுவரைக் ‘கொப்’ என்கிறார்கள். எங்கள் வன்னிப் பக்கத்தில் தடி நட்டு, வரிச்சுக் கட்டி, மண் அப்புவோமே, அது வேறு. கொப் சுவருக்குள் தடியும் இல்லை, வரிச்சும் இல்லை. முழுக்க மண்ணேதான் பாரத்தைத் தாங்குகிறது. மேல்மண்ணை விலக்கிவிட்டு, களிப்பிடிப்புள்ள அடிமண்ணை வளவுக்குள்ளேயே வெட்டி எடுப்பார்கள். தண்ணீர் விட்டு, வைக்கோல் தூவி மிதிப்பார்கள். மாடு விட்டு மிதிப்பதும் உண்டு. பிறகு ஒருவர் கவர்முள்ளால் அள்ளிப் போட, இன்னொருவர் சுவரின்மேல் நின்று காலால் மிதித்து இறுக்குவார். பலகை அடைப்பு எதுவும் இல்லை. இரண்டு அடி அளவுக்கு ஒரு படை வைத்ததும் நிறுத்திவிட வேண்டும். அது காய்ந்து, தன் பாரத்தைத் தானே தாங்கத் தொடங்கும்வரை அடுத்த படை வைக்கக்கூடாது. ஒரு வாரமோ இரண்டு வாரமோ, வெயிலைப் பொறுத்தது. வெளியே பிதுங்கியதைக் கூரான மண்வெட்டி போன்ற ஆயுதத்தால் சீவி எடுத்தால் சுவரின் முகம் வரும். வைக்கோலின் வேலை சுவரைத் தூக்கிப் பிடிப்பதல்ல. காயும்போது மண் சுருங்கும். அந்தச் சுருக்கம் ஒரே இடத்தில் பெரிய வெடிப்பாக விழாமல் சுவர் முழுக்கச் சின்னச் சின்னதாகப் பரவ வைப்பதுதான் அதன் வேலை.

இளவேனிலில் தொடங்கினால் குளிர் வருமுன் நிறுத்தியாக வேண்டும். மாடி வீடென்றால் மறு வருடமும் இழுபடும். இன்றைக்கு ஒப்பந்தக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

ஆனாலும் அது அவ்வளவு இழுபடுகிற வேலையும் அல்ல. ஹேய்ஸ் பார்ட்டனிலிருந்து சில கிலோமீற்றரில் பட்லி சால்டர்டன் என்ற கடற்கரைப் பட்டினம். அங்கே 1910இல் ஏர்னஸ்ட் கிம்சன் என்ற பேர்பெற்ற கட்டடக்கலைஞர் கொக்ஸன் என்ற வீட்டை அதே கொப்பினால் கட்டினார். செங்கல், கொங்கிறீற் எல்லாம் தாராளமாகக் கிடைத்த காலம் அது. தெரிந்துதான் மண்ணைத் தேர்ந்தார். அந்த வேலையின் விவரத்தை அவர் எழுதியும் வைத்தார். மண் அந்தக் காணியிலேயே கிடைத்தது. நீளமான கோதுமை வைக்கோல் ஏராளமாகச் சேர்த்து மிதித்தார்கள். சுவரை 3 அடி தடிப்பில் எழுப்பி 2 அடி 6 அங்குலமாகச் சீவினார்கள். அத்திவாரக் கட்டு, வீட்டு நிலமட்டத்துக்கு மேல் 18 அங்குலம் கல்லாலே. வேலைக்கு நின்றவர்கள் எட்டுப் பேர். சிலர் மண் பதப்படுத்த, மற்றவர்கள் சுவரில் ஏற்றி மிதித்தார்கள். கூரை மரம் வைக்கும் மட்டத்துக்கு வர மூன்று மாதம் அளவில் பிடித்ததாம். செலவு, பூச்சு நீங்கலாக, ஒரு கன யாருக்கு ஆறு சிலிங். ஓவசியர் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு சுத்தமான கணக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

டெவன்காரர்களின் பழைய பேச்சு ஒன்று இருக்கிறது: கொப் சுவருக்கு வேண்டியது நல்ல தொப்பியும் நல்ல சப்பாத்தும். தொப்பி, சுவரைத் தாண்டி நன்றாக வெளியே இறங்குகிற கூரை. சப்பாத்து, நிலத்துச் சுவறலை மேலே ஏறவிடாத கல் அடி. இந்த இரண்டும் இருந்தால் மழை நாட்டிலும் மண் கரையாது. டெவன் ஒன்றும் வறண்ட இடமல்ல; நான் நின்ற நாட்களில் குடை பிடிக்காமல் வெளியே இறங்கியது அருமை.

சப்பாத்து எங்களிடம் காலடியிலேயே இருக்கிறது. வலிகாமத்தில் இரண்டடி தோண்டினால் அலவாங்கு சுண்ணக்கல்லில் ‘ணங்’ என்று முட்டும். தொப்பியும் எங்களுக்குப் புதிதல்ல. பழைய நாற்சார் வீடுகளின் தாழ்வாரத்தைப் பாருங்கள், ஆள் குனிந்து போகுமளவுக்கு இறக்கியிருப்பார்கள். பனையோலையோ கிடுகோ வேய்ந்த வீட்டில் சுவரில் சாரல் படவே படாது. சுவரடியில் குந்து வைத்ததும் ஆட்கள் இருந்து கதைப்பதற்கு மட்டுமல்ல, நிலத்தில் விழுந்து தெறிக்கும் தண்ணீரைச் சுவர் வாங்காமல் இருக்கவும்தான். வைரம் பாய்ந்த பனையில் தீராந்தியும் சிலாகையும் அறுத்து, மேலே ஓலை போட்டு, கீழே சாணகம் மெழுகி வைத்திருந்த வீடுகள் என் சின்ன வயதில் எங்கள் குறிச்சியில் நிறைய இருந்தன. 1950களில் காங்கேசன்துறைச் சீமெந்து வரத் தொடங்கியதும் பிறகு சீற் வந்ததும், தொப்பி முதலில் சுருங்கியது. சீற்றுக் கூரையைச் சுவருக்கு வெளியே ஒரு சாண் விட்டு வெட்டி நிறுத்துவார்கள். மழை நேரே சுவரில்தான் வழியும். பிறகு, ‘மண் சுவர் நிற்காது’ என்பார்கள்.

இதைவிடப் பெரிய கேடு, மண் சுவரைப் பாதுகாக்கிறோம் என்று அதன்மேல் சீமெந்து பூசுவது. என் மச்சாள் தென்மராட்சியில் தனியே இருக்கிறா. அவவின் தகப்பன் எழுப்பிய மண் சுவர் வீடு, சண்டைக் காலத்தில் கூரை போய் மறுபடி வேய்ந்த வீடு. நிறுவனம் ஒன்று வந்து, வீட்டைப் ‘பலப்படுத்துகிறோம்’ என்று கோழிக்கூட்டு வலை அடித்து, சுவர் முழுக்கச் சீமெந்துச் சாந்து பூசி, வெள்ளையும் அடித்து, பலகையில் தங்கள் பெயரையும் எழுதிப் படமும் எடுத்துக்கொண்டு போனது. கொஞ்ச நாள் வீடு புதுசாகத்தான் இருந்தது. அடுத்தடுத்த மாரிகளில் யன்னல் மூலையில் மயிரிழை வெடிப்பு. அதனூடாகப் போன தண்ணீர் உள்ளே நின்றது. நிலத்திலிருந்து ஏறிய ஈரமும் உள்ளே நின்றது. சீமெந்துத் தோல் அதை வெளியே விடவில்லை. தட்டிப் பார்த்தால் வெறும் தோல் மட்டும் டப் டப் என்று சத்தம் போட்டது. ஒரு கார்த்திகை இரவில் வடக்குச் சுவரின் அடிப்பாகம் களியாகி வழுக்கி இறங்கியது. ஆளுக்குச் சேதமில்லை, ஆட்டுக் கொட்டில்தான் நசுங்கியது. சுவர் விழுந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். மேலே தூள் பறக்கிற காய்ந்த மண். அடியில் சட்டி வனையலாம்.

அச்சுப் பிசகாமல் இதே கதைதான் டெவனிலும் நடந்தது. 20ஆம் நூற்றாண்டில் பழைய கொப் வீடுகளுக்குச் சீமெந்துப் பூச்சு அடித்தார்கள். நூற்றாண்டுகளாக நின்ற சுவர்கள் ஈரம் அடைபட்டு அடியில் சரிந்தன. இப்போது அங்கே பாதுகாப்பு வேலை செய்கிறவர்கள் முதலில் செய்வது சீமெந்தை உரித்தெடுப்பது. பிறகு சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் சுண்ணாம்பு நீர். சுண்ணாம்பு மழையைத் தடுக்கும். உள்ளே போன ஈரத்தை வெயில் வந்ததும் வெளியே விடும். விழுந்த இடத்தை மண்ணாலேயே நிரப்புகிறார்கள், கொங்கிறீற்றால் அல்ல. மண்ணும் கொங்கிறீற்றும் ஒன்றோடொன்று ஒட்டாது, இரண்டும் அசைவதும் வெவ்வேறு விதம். டெவன் மண் கட்டடச் சங்கம் என்று ஒரு சங்கமே இதற்காக இருக்கிறது. பிளிமத் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து கொப் சுவரை இன்றைய கட்டடச் சட்டத்துக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாரம் தாங்கும் கட்டி மண், மறுபக்கம் வைக்கோல் போன்ற நார் கூடிய இலேசான மண், இரண்டையும் ஒரே சுவராக எழுப்புகிறார்கள். மண் சுவர் தடிப்பானாலும் குளிரை முழுதாகத் தடுக்காது என்பதால் இந்த ஏற்பாடு. எங்களுக்குக் குளிர்ப் பிரச்சினை இல்லை. மத்தியான வெயில் உள்ளே வந்து சேர நேரமெடுத்தால் போதும், அதைத் தடித்த மண் சுவர் செய்யும். இரவில் யன்னலைத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டின் வெக்கை சின்ன விஷயமல்ல. 2016இல் 65,000 பொருத்து வீடுகள் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது, இரும்பு வீட்டுக்குள் எங்கள் வெயிலில் யார் இருப்பது என்று இதே வடக்குதான் கேட்டது. அந்தக் கேள்வி சரியான கேள்வி. அதற்கு விடையாகச் சீமெந்துக் கல்லைத் தவிர வேறெதையும் நாங்கள் யோசிக்கவில்லை என்பதுதான் எனக்குக் குறை.

மறுப்புச் சொல்ல வருகிறவர்கள் கறையானைச் சொல்வார்கள். நியாயமான மறுப்பு. டெவனில் கறையான் கிடையாது என்றே சொல்லலாம். 1994இல் அதே டெவனின் வட கரையில் சோன்டன் என்ற இடத்தில் ஒரு வீட்டில் கறையான் கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஒழிக்க அரசாங்கமே இறங்கி, பல வருடம் பாடுபட்டு, 2021இல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ஒரு புற்றுக்கு அந்தப் பாடு! எங்கள் வளவில் ஒரு மழைக்குப் பிறகு வந்து பார்க்கட்டும். ஆகவே அவர்களுடைய முறையை அப்படியே கொண்டுவந்து இறக்க முடியாது. கல் அடியை 18 அங்குலத்தோடு நிறுத்தாமல் இன்னும் உயர்த்த வேண்டும், அதைப் பூசி மறைக்காமல் வெளியே தெரிய விட வேண்டும். கறையான் மண் குழாய் கட்டி ஏறினால் கண்ணில் படும், விளக்குமாற்றால் தட்டிவிடலாம். பூச்சுக்குப் பின்னால் ஏறினால் நிலை உளுத்து விழும்வரை தெரியாது. எலியும் அகிழானும் இன்னொரு தொல்லை. இங்கிலாந்திலும் எலி வளைதான் கொப் சுவரைப் பலவீனப்படுத்தும் காரணங்களில் ஒன்று. பொந்தைக் கண்டதும் அடைக்க வேண்டியதுதான்.

வெள்ளம் வேறு விஷயம். 2008 நிஷா புயலின்போது தண்ணீர் நின்ற பள்ளக் காணிகளில் மண் வீடு கட்டு என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தண்ணீருக்குள் நாட்கணக்கில் நின்றால் கொப் சுவரும் போகும், றாலியின் வீடும் போகும். மேட்டுக் காணிக்குச் சொல்வதைப் பள்ளக் காணிக்குச் சொல்ல முடியாது.

என்னுடைய வேண்டுகோள் பெரிய புரட்சி எதுவும் இல்லை. எல்லாரும் மண் வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்றும் சொல்லவில்லை, கேட்கவும் மாட்டார்கள். வீட்டுத் திட்டத்துக்கு ஆள் தெரிவு செய்யும் படிவங்களில் ‘மண் சுவர்’ என்ற ஒரு கட்டத்தில் அடையாளம் இட்டதும் அந்த வீடு இடிக்க வேண்டியதாகிவிடுகிறது. அதைப் பிரதேச செயலகங்கள் மாற்ற வேண்டும். சுவர் நேராக நிற்கிறதா, அடி ஈரமாக இருக்கிறதா, கூரை எவ்வளவு வெளியே இறங்குகிறது என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் போய்ப் பார்த்து எழுதட்டும். நல்ல சுவர் உள்ள வீட்டுக்குப் புதுக் கூரையும் கல் அடித் திருத்தமும் மட்டும் கொடுத்தால், ஒரு புது வீட்டுக் காசில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் கரைசேரும். யாரும் கேட்காமல் சீமெந்து பூசிக்கொண்டு வருகிற நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை: பூசாமல் விட்டாலே பெரிய உதவி. மேசன் வேலை படிக்கிற பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சுண்ணாம்பு நீற்றவும் பூசவும் ஒரு பாடம் வைக்கலாம். சுண்ணக்கல்லின் மேலே குடியிருக்கிற எங்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த கைகள் விரல்விட்டு எண்ணக்கூடியதாகிவிட்டன. கோவில் திருப்பணி செய்கிறவர்களிடம் கேட்டால் அவர்களும் சீமெந்து மூட்டையைத்தான் காட்டுகிறார்கள்.

மச்சாளின் வீட்டில் மற்ற மூன்று சுவரும் இன்னும் நிற்கின்றன. அடுத்த மாரிக்கு முன்னம் சீமெந்தை உரித்து, அடியைக் கல்லாலே கட்டி, விழுந்த பக்கத்தைப் படை படையாக எழுப்புவதாக இருக்கிறேன். மண்ணும் வைக்கோலும் கையில் இருக்கின்றன. கடைகளில் பக்கெற்றில் விற்கிற வெள்ளைத் தூள் வேலைக்கு உதவாது. கல்லைச் சுட்டுக் குழியில் நன்றாக ஊறவைத்த சுண்ணாம்பு வேண்டும். வலிகாமத்திலோ வடமராட்சியிலோ இன்னும் யாராவது சூளை போட்டுச் சுடுகிறார்கள் என்றால் தயவுசெய்து உங்கள் பத்திரிகை மூலம் அறியத் தரவும். வண்டி பிடித்து நானே வந்து ஏற்றிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவசியர்,
அச்சுவேலி.